படம் ஏமாற்றம், வசூல் மட்டும் எப்படி அள்ளுகிறது?

கேள்வி இதுதான்: ஒரு சூப்பர்ஹீரோ படத்தின் அடுத்த பாகம் வருகிறது. பார்த்துவிட்டு வெளியே வருபவர்கள் உதட்டைப் பிதுக்குகிறார்கள். விமர்சகர்களும் நல்ல வார்த்தை சொல்வதில்லை. ஆனால் மூன்றே நாளில் கோடிக்கணக்கான டாலர் வசூல் என்று செய்தி வந்துவிடுகிறது. இது எப்படி? பார்வையாளர்களுக்கு ரசனை இல்லையா, இல்லை விமர்சனத்துக்கு மதிப்பே கிடையாதா?

இரண்டுமே காரணம் கிடையாது. முதல் வார இறுதி வசூலை அந்தப் படத்துக்குக் கிடைத்த மதிப்பெண்ணாக எடுத்துக்கொள்வதால்தான் இந்தக் குழப்பம் வருகிறது. வெள்ளிக்கிழமை காட்சிக்கு டிக்கெட் வாங்குகிறவர் இந்தப் படத்தை இன்னும் பார்க்கவில்லை. அவர் பார்த்தது இதற்கு முந்தைய படத்தை. அது பிடித்திருந்ததால்தான் இதற்கு வருகிறார். ஆக, முதல் வார வசூல் முந்தைய படத்தின் தரத்தைச் சொல்கிறது. இந்தப் படம் எப்படி என்பது இரண்டாவது வாரத்தில்தான் தெரியும். அதற்கான விலையைக் கொடுப்பதோ பெரும்பாலும் இதற்கு அடுத்து வரும் படம். ஒரு படத்தை வைத்து இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

2007 மே 4 அன்று அமெரிக்காவில் வெளியான 'ஸ்பைடர்மேன் 3'தான் அந்தப் படம். சாம் ரைமி இயக்கம், டோபி மக்வயர் நாயகன். முதல் மூன்று நாளில் 15.1 கோடி டாலர், அன்றைய தேதிக்குப் புதிய சாதனை. உலகம் முழுவதும் சேர்த்து ஏறக்குறைய 89 கோடி டாலர். ரைமி எடுத்த மூன்று ஸ்பைடர்மேன் படங்களில் உலக அளவில் அதிகம் வசூலித்தது இதுதான். முதல் படம் 82 கோடி, இரண்டாவது படம் 79 கோடிக்குச் சற்றுக் குறைவு. இந்த மூன்று எண்களை மட்டும் பார்த்தால், மூன்றாவது படம்தான் மக்களுக்கு மிகவும் பிடித்தது என்று எவரும் நினைத்துக்கொள்வார்கள்.

இப்போது அமெரிக்கா, கனடா வசூலை மட்டும் தனியாகப் பிரித்துப் பாருங்கள். முதல் படம் 40.4 கோடி, இரண்டாவது 37.4 கோடி, மூன்றாவது 33.7 கோடி. படிப்படியாக இறங்குகிறது. இதிலும் முழு உண்மை தெரிவதில்லை, ஏனென்றால் இடையில் டிக்கெட் விலை ஏறியிருந்தது. 2002-இல் அமெரிக்காவில் ஒரு டிக்கெட்டின் சராசரி விலை சுமார் 5.8 டாலர், 2007-இல் சுமார் 6.9 டாலர். வகுத்துப் பார்த்தால் முதல் படத்துக்கு ஏறத்தாழ 7 கோடி டிக்கெட், மூன்றாவது படத்துக்கு 4.9 கோடி டிக்கெட். 'சாதனை வசூல்' என்று கொண்டாடப்பட்ட படத்துக்கு, அதன் சொந்த ஊரில் முதல் படத்தைவிட 2 கோடி டிக்கெட் குறைவாக விற்றிருக்கிறது. வசூல் செய்தி படிக்கும்போதெல்லாம் இந்த வகுத்தலைப் போட்டுப் பார்ப்பது நல்லது.

அப்படியானால் உலக அளவில் எப்படி ஏறியது? அமெரிக்காவுக்கு வெளியே முதல் படம் சுமார் 42 கோடி வசூலித்தது, மூன்றாவது 55 கோடி. அந்த ஐந்து ஆண்டுகளில் பல நாடுகளில் பெரிய திரை வளாகங்கள் பெருகின. வெளியிடும் முறையும் மாறியது. 2002-இல் முதல் படம் நாடு நாடாக, பல வார இடைவெளியில் போய்ச் சேர்ந்தது. 2007-இல் பெரும்பாலான நாடுகளில் ஒரே வாரத்துக்குள் இறக்கிவிட்டார்கள். திருட்டுப் பிரதியைத் தடுப்பது அதற்கு ஒரு காரணம். இன்னொரு விளைவும் அதிலேயே இருக்கிறது: ஓர் ஊரில் பார்த்தவர் 'சுமார்தான்' என்று சொல்வது அடுத்த ஊருக்குப் போய்ச் சேர்வதற்குள் அங்கேயும் முதல் வாரம் முடிந்துவிடுகிறது.

சரி, படம் ஏன் ஏமாற்றியது? வசூலைப் புரிந்துகொள்ள இதுவும் தேவை. ஏனென்றால் இது மோசமான படம் கிடையாது. நல்ல படம் ஒன்று உள்ளே இருக்கிறது, அதன் மேல் இன்னும் இரண்டு படங்களை ஏற்றி வைத்திருக்கிறார்கள் என்பதுதான் என் கருத்து.

உள்ளே இருக்கும் அந்த நல்ல படம் சேண்ட்மேன் என்ற மணல் வில்லனுடையது. சிறையிலிருந்து தப்பிய ஃப்ளின்ட் மார்க்கோ ஓர் ஆராய்ச்சிக் குழிக்குள் விழுந்து மணல் துகள்களாகச் சிதறிவிடுகிறான். அடுத்து வரும் சில நிமிடங்களில் வசனமே இல்லை. குழியில் துகள்கள் உருளத் தொடங்குகின்றன. ஒரு மேடு எழுகிறது, சரிகிறது, மறுபடி எழுகிறது. தோள் போல ஒன்று, முகம் போல ஒன்று. நிற்க முயன்று பாதி உடல் கரைந்து விழுகிறது. எதிரே தரையில் அவனுடைய மகளின் படம் வைத்த பதக்கம் கிடக்கிறது. அதை எடுக்கக் கை நீட்டுகிறான், பிடிக்கும் இடத்தில் விரல்கள் பொடிந்து போகின்றன. மறுபடி முயல்கிறான். இந்த முறை கை இறுகுகிறது, முழு ஆளாக எழுந்து நிற்கிறான். வில்லன் ஒருவன் உருவாகும் காட்சியை இவ்வளவு இரக்கத்தோடு எடுத்த சூப்பர்ஹீரோ படங்கள் குறைவு. கணினி வரைகலையை வைத்து நடிப்பை வாங்க முடியும் என்பதற்கு இன்றும் நான் காட்டும் உதாரணம் இதுதான்.

இந்தக் காட்சிக்குப் பிறகு மார்க்கோவை மையமாக வைத்தே கதை போயிருக்க வேண்டும். நோயாளி மகளுக்காகத் திருடும் அப்பன் அவன். ஸ்பைடர்மேனாக மாறும் பீட்டரின் பென் மாமாவைக் கொன்றது உண்மையில் இவன்தான் என்ற திருப்பத்தையும் வைக்கிறார்கள். அதில் எனக்கு உடன்பாடில்லை, முதல் படத்தின் அடித்தளத்தையே அது ஆட்டிவிடுகிறது. இருந்தாலும் பழிவாங்குவதா மன்னிப்பதா என்ற கேள்வி பீட்டருக்கு அங்கே கிடைக்கிறது. ஒரு முழுப் படத்துக்கு அது போதும். ஆனால் அதே படத்தில் நண்பன் ஹாரி தந்தைக்காகப் பழிவாங்க வருகிறான். பிறகு தலையில் அடிபட்டு எல்லாவற்றையும் மறக்கிறான், பிறகு நினைவு திரும்புகிறது, பிறகு மறுபடி பகை. அந்தப் பகை தீர, இத்தனை காலம் வாயே திறக்காத வீட்டுப் பணியாளர் கடைசி நேரத்தில் வந்து உண்மையைச் சொல்ல வேண்டியிருக்கிறது. அப்புறம் வெனம். வானத்திலிருந்து விழும் கறுப்புப் பொருள் எத்தனையோ மனிதர்கள் இருக்கும் நகரத்தில் பீட்டரின் வண்டியைத் தேடிப் பிடித்து ஒட்டிக்கொள்கிறது. கிளைமாக்ஸ் நெருங்கும்போதுதான் அது முழு வில்லனாகிறது, வந்த வேகத்தில் முடிந்தும் போகிறது. காமிக்ஸில் பீட்டரின் காதலியாக வரும் க்வென் ஸ்டேசியையும் இடையில் கொண்டுவந்து, செய்ய ஒன்றும் கொடுக்காமல் விட்டுவிடுகிறார்கள்.

வெனம் கதாபாத்திரத்தின் மேல் தனக்குப் பெரிய பிடிப்பு இருந்ததில்லை என்று ரைமியே பின்னாளில் வெளிப்படையாகச் சொல்லியிருக்கிறார். ரசிகர்கள் கேட்கிறார்கள், சேர்த்தே ஆக வேண்டும் என்று வற்புறுத்தியவர் தயாரிப்பாளர் அவி அராட். பிடிக்காத பாத்திரத்தை இயக்குநர் கடமைக்குச் செய்தால் எப்படி வருமோ அப்படித்தான் திரையில் வந்தது.

இங்கேதான் வசூலும் தரமும் முட்டிக்கொள்கின்றன. வெனத்தைச் சேர்த்தது கதையைக் கெடுத்தது. ஆனால் முதல் வார வசூலை அது உயர்த்தியிருக்க வேண்டும். டிரெய்லரில் கறுப்பு உடையும் புது வில்லனும் வந்ததும் காமிக்ஸ் படித்து வளர்ந்தவர்களின் எதிர்பார்ப்பு எகிறியது. மூன்று வில்லன், புது உடை, புது பொம்மைகள் என விற்பனைக்கு எல்லாமே தோதாக இருந்தது. தொடர் படங்கள் சறுக்கும் இடமும் இதுதான். ஒரு படத்தை வெள்ளிக்கிழமை விற்க உதவும் விஷயங்களும், அதை நல்ல படமாக ஆக்கும் விஷயங்களும் வேறு வேறு. இரண்டும் மோதும்போது விற்பனைப் பக்கம்தான் பெரும்பாலும் ஜெயிக்கிறது. வெளியீட்டுத் தேதி ஓரிரண்டு ஆண்டுக்கு முன்பே அறிவிக்கப்பட்டிருக்கும், பொம்மைக்கும் விளம்பரத்துக்கும் ஒப்பந்தம் போட்டிருப்பார்கள். கதை இன்னும் கூடி வரவில்லை என்பதற்காக அந்தத் தேதியை யாரும் எளிதில் தள்ளிப்போடுவதில்லை.

கூட்டம் எப்படி வருகிறது என்பதையும் பார்க்கலாம். 'ஸ்பைடர்மேன் 3' அமெரிக்காவிலும் கனடாவிலும் 4,252 திரையரங்குகளில் வெளியானது. ஒரே வளாகத்தில் பல திரைகள், அரை மணிக்கு ஒரு காட்சி. யாருக்கும் டிக்கெட் கிடைக்காமல் போகக் கூடாது என்பதே திட்டம். படம் எப்படி என்று விசாரித்துவிட்டுப் போகலாம் என்று நினைப்பதற்குள் பாதிப் பேர் பார்த்து முடித்திருப்பார்கள். இப்போது முன்பதிவு சில வாரங்களுக்கு முன்பே தொடங்கிவிடுகிறது. விமர்சனங்களையோ வெளியீட்டுக்குச் சில நாள் முன்புவரை வெளியிடக் கூடாது என்று கட்டுப்பாடு இருக்கும். டிக்கெட் கையில் இருக்கும்போது வரும் விமர்சனத்தைப் படித்துவிட்டு யாரும் பணத்தை விட மாட்டார்கள்.

அதோடு, முடிவை யாராவது சொல்லிவிடுவார்களோ என்ற பயம் சூப்பர்ஹீரோ தொடர்களில் அதிகம். யார் செத்தார், கடைசியில் யார் வந்தார் என்பது சனிக்கிழமைக்குள் எல்லா இடத்திலும் பரவிவிடும். அதனால் முதல் நாளே போகிறார்கள். நண்பர்கள் கூட்டமாகப் போகும்போது நமக்கு மட்டும் வேண்டாம் என்று நிற்பதும் கஷ்டம். பிடித்த பாத்திரம் சரியில்லாத படத்தில் வந்திருந்தாலும், அதையும் தன் கண்ணால் பார்த்துத்தான் தீர்ப்பு சொல்லவேண்டும் என்று நினைப்பவர்கள் நிறைய. இது முட்டாள்தனம் என்று நான் நினைக்கவில்லை. அந்தப் பாத்திரத்தோடு பல வருடப் பழக்கம் அவர்களுக்கு. ஒரு படம் சறுக்கியது என்பதற்காக அது விட்டுப்போகாது.

இனி, ஏமாற்றம் எங்கே தெரிகிறது என்று பார்ப்போம். முதல் வார இறுதியோடு இரண்டாவது வார இறுதியை ஒப்பிட வேண்டும். 2002-இல் வந்த முதல் ஸ்பைடர்மேன் படம் முதல் மூன்று நாளில் 11.5 கோடி டாலர் எடுத்தது. ஒரே வார இறுதியில் 10 கோடியைத் தாண்டிய முதல் படம் அதுதான். அடுத்த வார இறுதியில் 7.1 கோடி, அதாவது 38 சதவீதம்தான் இறக்கம். பார்த்தவர்கள் மற்றவர்களையும் போகச் சொன்னார்கள், சிலர் இரண்டாம் முறையும் போனார்கள். மூன்றாவது படமோ 15.1 கோடியிலிருந்து அடுத்த வாரமே 5.8 கோடிக்கு இறங்கியது. 61 சதவீதத்துக்கும் மேல் சரிவு.

இதைவிடக் கடுமையான உதாரணம் 2016 மார்ச்சில் வந்த 'பேட்மேன் வெர்சஸ் சூப்பர்மேன்'. இரண்டு பெரும் பாத்திரங்கள் முதல்முறையாகத் திரைப்படத்தில் மோதுகிறார்கள் என்பதால் யாராலும் ஒதுக்க முடியவில்லை. முதல் மூன்று நாளில் 16.6 கோடி டாலர். ஆனால் அந்த மூன்று நாளுக்குள்ளேயே விஷயம் தெரிந்துவிட்டது. வியாழன் இரவுக் காட்சிகளையும் சேர்த்து வெள்ளிக்கிழமை 8 கோடிக்கு மேல் வந்த படம், ஞாயிற்றுக்கிழமை 3.4 கோடி அளவுக்கு இறங்கியது. அன்று ஈஸ்டர் என்பதைக் கணக்கில் எடுத்தாலும் இது பெரிய வீழ்ச்சி. அடுத்த வார இறுதியில் 5.1 கோடி, 69 சதவீதம் சரிவு. கடைசியில் அமெரிக்க, கனடா வசூல் 33 கோடியில் நின்றது. ஏறக்குறைய பாதி வசூல் முதல் மூன்று நாளிலேயே வந்துவிட்டது என்று அர்த்தம். உலக வசூல் 87 கோடி. வெறும் எண்ணாகப் பார்த்தால் பிரமாதமான வெற்றி.

மொத்த வசூலை முதல் வார இறுதி வசூலால் வகுப்பதுதான் இந்தத் துறையில் இருப்பவர்கள் முதலில் போடும் கணக்கு. முதல் ஸ்பைடர்மேனுக்கு 3.5 வருகிறது. 2008-இல் வந்த 'த டார்க் நைட்' 15.8 கோடியில் தொடங்கி 53 கோடியில் முடிந்தது, அதற்கு ஏறத்தாழ 3.4. 'ஸ்பைடர்மேன் 3'-க்கு 2.2. 2006-இல் வந்த 'எக்ஸ்மென்: த லாஸ்ட் ஸ்டாண்ட்' படத்துக்கு 2.3. பேட்மேனும் சூப்பர்மேனும் மோதிய படத்துக்கு 2 தான். 3-க்கு மேலே போனால் பார்த்தவர்கள் பரிந்துரைத்திருக்கிறார்கள். 2-ஐ ஒட்டி இருந்தால் ரசிகர்கள் வந்தார்கள், பொது மக்கள் வரவில்லை. எல்லாப் படத்துக்கும் இது பொருந்தாது. இப்போதெல்லாம் எல்லோரும் முதல் மூன்று நாளிலேயே முண்டியடிப்பதால் நல்ல படங்களுக்கும் இந்த எண் முன்பைவிடக் குறைந்திருக்கிறது. ஆனாலும் ஒரே காலத்தில் வந்த படங்களை ஒப்பிட இது மிக உதவும்.

சினிமாஸ்கோர் என்ற நிறுவனம் தரும் மதிப்பெண்ணையும் கவனியுங்கள். அமெரிக்க, கனடா நகரங்களில் முதல் நாள் காட்சி முடிந்து வருபவர்களிடம் நேரடியாகக் கேட்டு 'ஏ பிளஸ்' முதல் 'எஃப்' வரை தருவார்கள். பேட்மேன், சூப்பர்மேன் படத்துக்கு 'பி' கிடைத்தது. கேட்க நல்ல மதிப்பெண் மாதிரி இருக்கும். ஆனால் முதல் நாள் வருகிறவர்கள் தீவிர ரசிகர்கள், படம் பிடிக்க வேண்டும் என்ற ஆசையோடே வருபவர்கள். அவர்களே 'பி' கொடுத்தால் மற்றவர்கள் நிலைமை என்ன ஆகும்? 2022-இல் வந்த 'டாக்டர் ஸ்ட்ரேஞ்ச்' இரண்டாவது படத்துக்கும் 'தோர்: லவ் அண்ட் தண்டர்' படத்துக்கும் 'பி பிளஸ்'. முன்னது 18.7 கோடியிலும் பின்னது 14.4 கோடியிலும் தொடங்கின. அடுத்த வாரமே இரண்டும் மூன்றில் இரண்டு பங்கு சரிந்தன. உலக வசூல் முறையே 95 கோடிக்கு மேல், 76 கோடி. இரண்டையும் 'வெற்றி' என்றே எழுதினார்கள்.

லாபம் என்று வரும்போது இன்னொரு கணக்கு இருக்கிறது. வசூல் முழுவதும் ஸ்டுடியோவுக்குப் போவதில்லை. அமெரிக்காவில் திரையரங்குகள் தங்கள் பங்கை எடுத்தபின் ஏறக்குறைய பாதிதான் ஸ்டுடியோவுக்கு வரும். வெளிநாடுகளில் அதைவிடக் குறைவு. சீனாவில் வெளிநாட்டுப் படத்துக்கு 25 சதவீதம்தான். 'ஸ்பைடர்மேன் 3' தயாரிப்புச் செலவு சுமார் 26 கோடி டாலர், விளம்பரச் செலவு இதில் சேராது. 89 கோடியில் ஸ்டுடியோவின் பங்கைப் பிரித்து, செலவையெல்லாம் கழித்தாலும் லாபம்தான். அன்றைக்கு டிவிடி விற்பனையும் கொழித்த காலம். ஆக அந்தப் படம் தயாரித்தவர்களுக்குப் பணம் கொடுத்தது உண்மை. ஆனால் 21 கோடி செலவில் எடுத்து 46 கோடி வசூலித்த எக்ஸ்மென் மூன்றாவது படத்துக்கு இந்தக் கணக்கைப் போட்டால், திரையரங்கு வருமானம் மட்டும் பெரிதாக மிஞ்சியிருக்காது என்று புரியும். அதையும் 'ஹிட்' என்றுதான் சொன்னார்கள்.

விலையை அடுத்த படம் கொடுக்கிறது என்று மேலே சொன்னேன். பேட்மேன், சூப்பர்மேன் பாத்திரங்களை வைத்திருக்கும் டி.சி. நிறுவனத்தின் கதையில் அது அப்பட்டமாகத் தெரிகிறது. பேட்மேனும் சூப்பர்மேனும் மோதிய படத்தின் தொடர்ச்சியாக 2017 நவம்பரில் 'ஜஸ்டிஸ் லீக்' வந்தது. அந்த இருவரோடு வொண்டர் வுமனும் உண்டு, அதே ஆண்டு வந்த அவருடைய தனிப் படம் மக்களுக்கு மிகவும் பிடித்திருந்தது. எல்லாக் கணக்குப்படியும் இது இன்னும் பெரிதாகத் தொடங்கியிருக்க வேண்டும். வந்தது 9.4 கோடி. முந்தைய படத்தின் 16.6 கோடியை வைத்துப் பாருங்கள். சுமார் 30 கோடி செலவில் எடுத்த படம் உலகம் முழுவதும் 66 கோடியில் முடங்கியது. அந்தப் படத்துக்கு அதன் சொந்தப் பிரச்சினைகளும் இருந்தன, தயாரிப்பின் நடுவில் இயக்குநர் மாறினார். ஆனால் முதல் வெள்ளிக்கிழமை வராமல் போனவர்களுக்கு அந்தப் படத்தின் குறை தெரிந்திருக்க வழியில்லை. அவர்கள் போன முறை பட்டதை நினைவில் வைத்திருந்தார்கள்.

இதற்கு நேர் எதிர்த் திசையிலும் ஓர் உதாரணம் உண்டு. 1997-இல் 'பேட்மேன் அண்ட் ராபின்' படுதோல்வி அடைந்தபின் எட்டு ஆண்டுகள் பேட்மேன் படமே வரவில்லை. 2005-இல் கிறிஸ்டோபர் நோலன் 'பேட்மேன் பிகின்ஸ்' எடுத்தார். நல்ல படம், விமர்சனமும் நன்றாக வந்தது. ஆனால் முதல் வார இறுதியில் வந்தது 4.9 கோடிதான். மக்கள் இன்னும் நம்பவில்லை. பிறகு மெல்ல மெல்லப் பேர் பரவி, அமெரிக்க, கனடா வசூல் மட்டும் 20 கோடியைத் தாண்டியது. மூன்று ஆண்டு கழித்து 'த டார்க் நைட்' 15.8 கோடியில் தொடங்கியபோது, அதில் கணிசமான பங்கு 'பிகின்ஸ்' சம்பாதித்துக் கொடுத்தது.

ஆனால் இதை எப்போதும் நடக்கும் விதியாகச் சொல்லிவிட முடியாது. 2013-இல் வந்த தோர் இரண்டாவது படம் பலருக்குப் பிடிக்கவில்லை. ஆனாலும் முதல் படத்தின் 45 கோடியைத் தாண்டி 64 கோடி எடுத்தது, இடையில் 2012-இல் வந்த 'அவெஞ்சர்ஸ்' அந்தப் பாத்திரத்தை எல்லோருக்கும் பிடித்தவராக ஆக்கியிருந்ததுதான் காரணம். அடுத்து 2017-இல் வந்த மூன்றாவது தோர் படம் அடி வாங்கியிருக்க வேண்டும், 85 கோடியைத் தொட்டது. வேறு பாணி, வேறு இயக்குநர், டிரெய்லரிலேயே 'இது பழைய மாதிரி இல்லை' என்று தெரிந்தது. தவற்றைத் திருத்தியிருக்கிறார்கள் என்று தெரிந்தால் மக்கள் திரும்பி வருகிறார்கள். ஒன்றோடொன்று இணைந்த படங்களின் பெரிய குடும்பத்தில் ஒரு படம் சறுக்கினால் மற்றப் படங்கள் தாங்கிக்கொள்ளவும் முடியும். தோர், அவெஞ்சர்ஸ் படங்களை எடுத்த மார்வெல் நிறுவனத்தை அந்த அமைப்புதான் பல ஆண்டுகள் காப்பாற்றியது.

அந்தப் பாதுகாப்பும் நிரந்தரம் கிடையாது என்பதை 2023 காட்டியது. பிப்ரவரியில் 'ஆன்ட்மேன்' மூன்றாவது படம் 10.6 கோடியில் தொடங்கி, அடுத்த வாரம் ஏறக்குறைய 70 சதவீதம் சரிந்து, உலக அளவில் 48 கோடிக்குள் நின்றது. நவம்பரில் 'த மார்வெல்ஸ்' வந்தது. அதன் முந்தைய படமான 'கேப்டன் மார்வெல்' 2019-இல் 15.3 கோடியில் தொடங்கி 113 கோடி வசூலித்தது. 'த மார்வெல்ஸ்' தொடங்கியது 4.6 கோடியில், முடிந்தது சுமார் 20.6 கோடியில். நடிகர்கள் வேலைநிறுத்தத்தால் விளம்பரம் குறைந்ததும் ஒரு காரணம்தான். ஆனால் அதுவரை அடுத்தடுத்து வந்த சுமாரான படங்களும் தொடர்களும் ரசிகர்களைக் களைப்படைய வைத்திருந்தன என்பதை மறுக்க முடியாது. சில மாதம் பொறுத்தால் வீட்டிலேயே பார்க்கலாம் என்ற வசதியும் இப்போது இருக்கிறது. 2024-இல் வந்த ஜோக்கர் இரண்டாவது படத்துக்கு முதல் நாள் பார்வையாளர்கள் 'டி' கொடுத்தார்கள். 100 கோடிக்கு மேல் எடுத்த முதல் படத்தின் பெயர் இருந்தும், முதல் வார இறுதியில் 4 கோடிகூட வரவில்லை. பிடிக்காத தொடர் படம் பெரிதாகத் தொடங்குவது உறுதி என்ற காலம் முடிந்துகொண்டிருக்கிறது என்றே நினைக்கிறேன். முன்பு அடுத்த படம் கொடுத்த விலையை இப்போது சில சமயம் அதே படம் கொடுக்க வேண்டியிருக்கிறது.

மறுபடி ஸ்பைடர்மேனுக்கு வருகிறேன், ஏனென்றால் அதன் அடுத்த படத்துக்கு நடந்தது வேறு. சாதனை வசூலுக்குப் பின் நான்காவது படம் நிச்சயம் என்று எல்லோரும் நம்பினார்கள். 2011 மே மாதம் வெளியீடு என்று தேதியும் குறித்தார்கள். ரைமிக்கு மூன்றாவது படம் மன நிறைவைத் தரவில்லை, நான்காவதை மிகச் சிறப்பாகச் செய்து முடிக்க வேண்டும் என்று விரும்பினார். ஆனால் குறித்த தேதிக்குள் திரைக்கதை அவருக்குத் திருப்தியாக வரவில்லை. 2010 ஜனவரியில் படம் கைவிடப்பட்டது. சுமாரான ஒரு படத்தை எடுக்கத் தனக்கு விருப்பமில்லை, நீங்கள் புதிதாகவே தொடங்கிக்கொள்ளுங்கள் என்று தானே ஸ்டுடியோவிடம் சொன்னதாக அவர் பின்னர் ஒரு பேட்டியில் விவரித்திருக்கிறார். அந்த ஸ்டுடியோவான சோனியும் சண்டை போடவில்லை.

2012-இல் புது நடிகர், புது இயக்குநரோடு வந்த ஸ்பைடர்மேன் படம் முதல் வார இறுதியில் 6.2 கோடி எடுத்தது. செவ்வாய்க்கிழமையே வெளியானதால் அந்த எண்ணை நேராக ஒப்பிட முடியாது என்றாலும், 15 கோடி காலம் போய்விட்டது தெரிந்தது. அதன் இரண்டாம் பாகத்தில் மறுபடி ஒரே படத்தில் பல வில்லன்கள், மறுபடி அடுத்த படங்களுக்கான முன்னோட்டக் காட்சிகள். 2014-இல் அது உலகம் முழுவதும் 71 கோடி டாலர் வசூலித்தது. காகிதத்தில் அதுவும் வெற்றிதான். அடுத்து அறிவித்திருந்த மூன்றாவது படத்தையும் வில்லன்களின் படத்தையும் சோனி எடுக்கவே இல்லை. 2015 பிப்ரவரியில் மார்வெலோடு ஒப்பந்தம் போட்டு, ஸ்பைடர்மேனை அவர்களுடைய படங்களுக்குள் அனுப்பியது.